பார்க்காத வீட்டின் முகவரி

எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் எல்லாருக்கும் ஒரு முகவரி மனப்பாடம். புளோக் எண், மாடி, வீட்டு எண், தெரு, கடைசியில் அஞ்சல் எண். உட்லண்ட்சில் ஓர் அடுக்குமாடி வீடு அது. சிங்கப்பூர் வேலை அனுமதிப் பதிவின்படி நாங்கள் எல்லாரும் அந்த வீட்டில்தான் குடியிருந்தோம். உண்மையில் எங்களில் ஒருவர்கூட அந்த வீட்டின் கதவைப் பார்த்ததில்லை. தினமும் விடிவதற்குள் மலேசியாவின் ஜொகூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வந்து, மாலையில் அதே பாலத்தில் நெரிசலில் நின்று வீடு திரும்புகிறவர்கள் நாங்கள்.

நான் இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு, தேர்வு முடிவு வரும்வரை சும்மா இருக்கப் பிடிக்காமல் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். உறைய வைத்த கறிபாப், அதாவது மசாலா வைத்து மடித்த பலகாரம், செய்யும் தொழிற்சாலை. முதல் நாளே சூப்பர்வைசர் பன்னீர் என்னை உடை மாற்றும் அறை வாசலில் நிறுத்தினார்.

"எங்க, அட்ரஸ் சொல்லு பாப்போம்."

சொன்னேன். அஞ்சல் எண்ணில் தடுக்கியது.

"நம்பர தலகீழா சொல்றியே. ஆபீசர் வந்து கேட்டா இப்படித்தான் முழிப்பியா? கோகிலா, இங்க வா. இந்தப் பிள்ளைக்கு நீ சொல்லிக் காட்டு."

கோகிலா அக்கா முகமூடியைக் கீழே இழுத்துவிட்டு, கோயிலில் போற்றி சொல்வதுபோல ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"போதுமாண்ணே? இல்ல, ராகம் போட்டுப் பாடவா?"

"உனக்கு வாய் மட்டும் இல்லேன்னா நாய் தூக்கிட்டுப் போயிரும்."

"நாய்க்கு பெர்மிட் இருக்கா, கேட்டுக்குங்க."

கோகிலா அக்கா எங்களுக்கு அடுத்த வீடு. முழுப்பெயர் கோகிலவாணி. மாசாயில், எங்கள் தாமான் குடியிருப்பில், மக்சிக் ரொக்கியா என்னும் மலாய் அம்மாவுடைய வீட்டில் பல வருடங்களாக வாடகைக்கு இருக்கிறார். கணவர் லாரி ஓட்டிக்கொண்டு பகாங் பக்கம் போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். யாராவது விசாரித்தால், "அவரு நல்லா இருக்காரு. நான் அதவிட நல்லா இருக்கேன்" என்பார் அக்கா. இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கவிநிலா, சின்னவன் தருண். இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். பள்ளி விட்டதும் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அம்மாவின் மோட்டார்ச் சத்தத்துக்காகக் காத்திருப்பார்கள்.

நான் அக்காவின் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போய்வந்தேன். மழையிலும் அவர் நிற்கமாட்டார். பாலத்தில் முன்னால் போகிறவன் தயங்கினால், "தம்பி, மீன் பிடிக்கிறதா இருந்தா ஓரமாப் போய் பிடி லா" என்று கத்துவார். அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் நாங்கள் கடந்திருப்போம்.

நான் சேர்ந்து சில மாதங்களில் அதிகாரிகள் வந்தார்கள். ஒரு பெண், ஓர் ஆண். ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கமும் நின்று அமைதியாகக் கேட்டார்கள். ஸ்கூடாயிலிருந்து வரும் ஸ்வீ லிங்கிடம் அந்தப் பெண் அதிகாரி, எங்கே இருக்கிறீர்கள் என்றார். ஸ்வீ லிங் ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னாள்.

"சரி. உங்க புளோக்குக்குக் கீழ எந்த பஸ் வரும்?"

ஸ்வீ லிங் யோசித்துப் பார்த்துவிட்டு, அஞ்சல் எண்ணை இன்னொரு தடவை சொன்னாள்.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. வீட்டு எண்ணைப் பாடம் செய்த எங்களுக்கு, அந்த வீட்டுக்கு எப்படிப் போவது என்று தெரிந்துகொள்ளத் தோன்றவே இல்லை. அதிகாரிகள் எங்கள் பெயர்களைக் குறித்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்துக்குள் எல்லாரும் நேரில் வந்து, எங்கே குடியிருக்கிறோம் என்று அத்தாட்சியோடு சொல்ல வேண்டும் என்றார்கள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் பன்னீர் கேண்டீனில் எங்களை உட்கார வைத்தார். அவர் சிங்கப்பூர்வாசி. பூர்வீகம் ஜொகூர்தான் என்றாலும் அங்கே குடியேறி ரொம்ப நாளாகிவிட்டது. அந்த உட்லண்ட்ஸ் வீடு அவருடைய கூட்டாளியுடையது. முன்பு எப்போதோ எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் இரண்டு பேர் அங்கே அறை எடுத்துத் தங்கினார்களாம். அவர்கள் போன பிறகும், புதிதாகச் சேர்கிறவர்களின் பெயரெல்லாம் அந்த வீட்டின்மேலேயே ஏறிக்கொண்டிருந்தது.

"பயப்பட ஒண்ணும் இல்ல," என்றார் பன்னீர். "அந்த வீட்டுல ரெண்டு ரூம் காலியாகுது. எல்லாரும் கட்டில் போட்டுப் படுத்துக்குங்க. அப்ப அட்ரஸ் உண்மையாயிரும். காலையில ஜாம் இல்ல, மழை இல்ல. நல்லதுதானே?"

சிலர் தலையாட்டினார்கள். பாலத்தில் நின்று நின்று கால் மரத்துப்போனவர்களுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டிருக்கும்.

"பிள்ளைங்கள எப்பண்ணே பாக்கறது?" என்று கேட்டார் கோகிலா அக்கா.

"ஞாயித்துக்கிழம லீவுதானே? சனிக்கிழம ராத்திரி வீட்டுக்குப் போ. ஞாயிறு பூரா பிள்ளைங்களோட இரு."

"ஞாயித்துக்கிழம என் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருக்கும்ங்க."

ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் விடுமுறை, ஞாயிறு பள்ளி நாள் என்பதைப் பன்னீர் மறந்தே போயிருந்தார்.

"வெள்ளி, சனி அதுங்க வீட்டுல. நான் இங்க கறிபாப் மடிச்சிக்கிட்டு இருப்பேன். ஞாயிறு நான் வீட்டுல. அதுங்க பள்ளியில. எனக்கு மிச்சம் இருக்கறதே சாயங்காலம் மட்டும்தாண்ணே. அதையும் உங்க கூட்டாளி கட்டில்ல போட்டுட்டா, அப்புறம் நான் யாருக்கு அம்மா?"

"அப்போ பெர்மிட் போயிரும். போனாப் பரவாயில்லையா?"

"பெர்மிட்டும் போகக்கூடாது. சாயங்காலமும் போகக்கூடாது."

"ரெண்டும் வேணும்னா நீ முதலாளியா பொறந்திருக்கணும்," என்று சொல்லிவிட்டு பன்னீர் எழுந்து போனார்.

அக்கா அங்கேயே உட்கார்ந்திருக்கவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பாதியில் மூடிவிட்டு, மாடியில் ஆள் நிர்வாகத்தைப் பார்க்கும் மிஸ் ஜோசலினிடம் நேராகப் போனார். ஜோசலின் அங்கே சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. திரும்பி வந்தபோது அக்காவின் முகம் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியாமல் இருந்தது.

"மலேசியாக்காரங்க தினம் போய்வரலாமாம் டி. ஜொகூர் அட்ரசையே குடுக்கலாமாம். நிஜமா அங்கதான் இருக்கோம்னு காட்டணும், அவ்வளவுதான். பாரேன், யாருமே கேக்காத பொய்ய நாமளே வீட்டுப்பாடம் மாதிரி படிச்சு வச்சிருக்கோம்."

"அப்ப சுலபம்தானேக்கா?" என்றேன்.

"உனக்கு சுலபம். உன் ஐசியில உங்க அப்பா வீடு இருக்கு. எனக்கு?"

அவர் தன் அடையாள அட்டையை எடுத்துக் காட்டினார். அதில் கோத்தா திங்கிப் பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தின் முகவரி இருந்தது. அவர் பிறந்த இடம். தோட்டத்தை விற்று, லயத்தை இடித்து, அங்கே கோல்ஃப் திடல் போட்டு எத்தனையோ வருடமாகிறது. போகிற குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். ஐசியில் தோட்டத்து முகவரி உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்த வீடு கிடைக்கும் என்று யாரோ ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அதனால் அங்கிருந்து வெளியேறியவர்கள் எங்கே குடிபோனாலும் முகவரியை மாற்றவே இல்லை. அக்காவும் மாற்றவில்லை.

மாசாய் வீட்டுக்கு எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. மின்சார பில், தண்ணீர் பில் இரண்டும் மக்சிக் ரொக்கியாவின் மறைந்த கணவர் பெயரில் வந்தன. ஆக, அக்கா பிறந்த வீடு ஐசியில் இருந்தது, ஆனால் தரையில் இல்லை. உட்லண்ட்ஸ் வீடு பதிவில் இருந்தது, அதை அவர் பார்த்ததே இல்லை. தினமும் சோறு வடிக்கிற வீடு எந்தத் தாளிலும் இல்லை.

ஐசியை மாற்றப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் அவருடைய அண்ணன் நடராஜா தொலைபேசியில் சத்தம் போட்டார். எங்கள் வீட்டுக் கூடம்வரை கேட்டது.

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? இத்தன வருஷம் பொறுத்துட்டு இப்ப மாத்தறியே! நாளைக்கே வீட்டுச் சாவி குடுத்தான்னா?"

"குடுத்தா நீ வாங்கிக்க அண்ணே. எனக்கு ஒரு நாள் வந்து பாயாசம் வச்சுக் குடு."

"சிரிக்காத. அது உன் உரிம."

"உரிமதான். நான் இல்லேங்கல. ஆனா அந்த வராத வீட்டுக்காக இருக்கற வீட்ட எத்தன நாளைக்கு அண்ணே மறைச்சி வச்சிருக்கறது?"

அண்ணன் தொலைபேசியை வைத்துவிட்டார். அக்கா கொஞ்ச நேரம் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட கையோடு, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பொந்தியானுக்குப் போனார். மக்சிக் ரொக்கியா அங்கேதான் மகனோடு இருக்கிறார். நாங்கள் போனபோது வாசலில் முக்காலி போட்டு அன்னாசி சீவிக்கொண்டிருந்தார். விற்பதற்கு. எங்களுக்கு ஆளுக்கொரு துண்டு உப்பு மிளகாய் தொட்டுக் கொடுத்துவிட்டு மலாயில் விஷயத்தைக் கேட்டார். பில்லைத் தன் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்றார் அக்கா.

"பேர மாத்தறதா? என் மவனுக்குத் தெரிஞ்சா குதிப்பான் புள்ள. பில்ல மாத்தினவ நாளைக்கு வீட்டையும் மாத்திக்குவாம்பான்."

"வீடு உங்களோடதுதான் மக்சிக். கரண்டு மட்டும் என் பேர்ல எரியட்டும்."

மக்சிக் சிரித்தார். ஆனால் சம்மதிக்கவில்லை. கத்தியை அன்னாசிக் கண்ணில் சுழற்றியபடியே இருந்தார்.

"நீ நல்லவதான். வாடகையும் ஒழுங்காத்தான் குடுக்குற. ஆனா வேணாம்."

"ஏன் மக்சிக்? என் பிள்ளைங்க ரெண்டும் அந்த வீட்டுலதான் நடக்கப் பழகிச்சு. தாமான்ல எல்லாருக்கும் தெரியும். அரசாங்கத்துக்கு மட்டும்தான் தெரியல. சொல்லிக் குடுக்கணும். இல்லேன்னா என்னை சிங்கப்பூர்லயே படுக்கச் சொல்றாங்க."

மக்சிக் கத்தியைக் கீழே வைத்தார்.

"என் வீட்டுக்காரர் பேரு வேற எதுலயும் இப்ப வரதில்ல புள்ள. பென்ஷன் நின்னுபோச்சு. பேங்க் கணக்க மூடியாச்சு. மாசா மாசம் நீ பில்ல படம் புடிச்சு அனுப்புறப்பதான் அவர் பேரப் பாக்கறேன். இன்னும் எங்கயோ கட்ட வேண்டியத கட்டிக்கிட்டு இருக்காருன்னு நெனச்சுக்குவேன்."

அக்கா கைவிரல்களில் ஒட்டியிருந்த அன்னாசிச் சாற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அது முடிந்துபோன காரியமாகத் தோன்றியது. பிறகு அவர் நாற்காலியை மக்சிக் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பில்லு ரெண்டு இருக்கே மக்சிக். கரண்டு பில்ல எனக்குக் குடுங்க. தண்ணி பில்லு அவர் பேர்லயே இருக்கட்டும். அந்த வீட்டுல இருக்கறவரைக்கும் அத நான் மாத்தமாட்டேன். மாசா மாசம் படமும் வரும்."

மக்சிக் எழுந்து உள்ளே போய்த் தலையில் தூடோங் முக்காட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"மோட்டார மெதுவா ஓட்டுவியா?"

"ஓட்டுவேன் மக்சிக்," என்று அக்கா கூசாமல் சொன்னார்.

பொந்தியானிலேயே மின்சார அலுவலகம் இருந்தது. இருவரும் மோட்டாரில் போய்வரும்வரை நான் அன்னாசிக்குக் காவல் இருந்தேன். இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த மக்சிக் மோட்டாரிலிருந்து இறங்கியதும், "இவ பின்னாடி தினமும் நீ எப்படி உயிரோட போற?" என்று என்னைக் கேட்டார். அக்காவின் கையில், அவருடைய பெயரும் மாசாய் வீட்டு முகவரியும் அச்சடித்த தாள் இருந்தது.

அடுத்த ஞாயிறு, ஐசி முகவரியை மாற்றப் பதிவு இலாகாவுக்குப் போனோம். முகப்பில் இருந்த இளைஞன் ஐசியைக் கணினியில் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினான்.

"இந்தத் தோட்டமே இப்ப இல்லையே கக்," என்றான். கக் என்றால் மலாயில் அக்கா.

"ஆமா தம்பி. சொல்லாமக் கொள்ளாமப் போயிருச்சு. நான்தான் இன்னும் விலாசத்த வச்சுக்கிட்டுத் தேடிக்கிட்டு இருக்கேன்."

அவன் சிரித்துக்கொண்டே தட்டச்சு செய்தான். "மாத்திட்டா இனிமே இதுதான். சரியா?"

அக்காவின் கட்டைவிரல் ரேகை பதியும் கண்ணாடிக்கு மேலே நின்றது. கோல்ஃப் திடலுக்குப் பக்கத்தில் இன்னும் கட்டப்படாத அந்த வீடு அவர் கண்முன் வந்ததா, எனக்குத் தெரியாது. விரலை அழுத்தி வைத்தார்.

"சரி."

அதிகாரிகளைப் பார்க்கும் நாள் வந்தது. சிங்கப்பூரில் அந்த அலுவலகத்தின் நாற்காலிகளில் நாங்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஆறு பேர் உட்லண்ட்ஸ் வீட்டில் கட்டில் போட்டுவிட்டார்கள். அதில் ஸ்வீ லிங்கும் ஒருத்தி. இப்போது அவளுக்கு எந்த பஸ் என்று தெரியும். பன்னீர் முதலில் உள்ளே போய்விட்டு வந்து, அக்காவின் பக்கத்தில் குனிந்தார்.

"எல்லாரும் ஆரம்பத்துலேர்ந்தே அங்கதான் தங்கியிருக்காங்கன்னு சொல்லிட்டேன். நீயும் அதயே சொல்லு. அடுத்த மாசம் வேணும்னா ஜொகூருக்கு மாத்திக்கலாம். இன்னிக்கு நீ ஒருத்தி வேற மாதிரி பேசினா எல்லாரும் மாட்டுவாங்க. புரியுதா?"

பெயரைக் கூப்பிட்டதும் அக்கா எழுந்தார். அடுத்த பெயர் என்னுடையது என்பதால் நானும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். தொழிற்சாலைக்கு வந்த அதே பெண் அதிகாரிதான். மலாயில் பேசினார்.

"எங்க இருக்கீங்க கக்?"

அக்காவின் நாக்கில் இத்தனை வருடமாக ஊறிப்போன பதில் ஒன்று தயாராக இருந்தது.

"மாசாய்," என்றார் அக்கா. ஐசியையும் மின்சாரத் தாளையும் மேசைமேல் வைத்தார்.

"உங்க சூப்பர்வைசர் நீங்க உட்லண்ட்ஸ்ல தங்கியிருக்கறதா சொன்னாரே?"

"அந்த வீட்ட நான் பாத்ததே இல்ல மேடம்."

"மத்தவங்க?"

"நான் என்னைப் பத்தி மட்டும்தான் சொல்ல முடியும். அவங்கவங்க வாயாலயே சொல்லட்டும்."

"இத்தன வருஷம் பதிவுல தப்பான முகவரி இருந்திருக்கு. அது குற்றம்னு தெரியுமா?"

"இப்பத் தெரியும். ஜொகூர் முகவரி குடுத்தா வேலை கிடைக்காதுன்னு அப்பச் சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டேன். விசாரிக்காதது என் தப்பு. தண்டன இருந்தா சொல்லுங்க. ஆனா மேடம், நான் சாயங்காலம் என் வீட்டுக்குப் போகணும். தினமும் போகணும். அதுக்குத்தான் இந்தத் தாளெல்லாம்."

அதிகாரி ஐசியைத் திருப்பிப் பார்த்தார். "புதுசா மாத்தியிருக்கீங்க."

"ஐசிதான் புதுசு. வீடு பழசு."

அதிகாரி வேலைக்கு வரும் வழியைக் கேட்டார். அக்கா சொல்ல ஆரம்பித்தார். மாசாயில் எந்த முச்சந்தியில் தண்ணீர் தேங்கும், எண்ணெய் நிலையத்தில் எந்தப் பக்கம் நின்றால் சீக்கிரம் வெளியே வரலாம், பாலத்தில் எந்த இடத்தில் காற்று மோட்டாரைத் தள்ளும், சோதனைச் சாவடியில் எந்த வரிசையின் இயந்திரம் ஈரக் கையைப் படிக்காது. அதிகாரி போதும் என்று கையைக் காட்டும்வரை அக்கா நிறுத்தவில்லை.

எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். முகவரியைத் திருத்துவது கம்பெனியின் பொறுப்பு என்றும், பழைய பதிவைப் பற்றிக் கம்பெனியிடம் தனியாகக் கேட்பதாகவும் சொன்னார்கள். பெர்மிட்டை ரத்துச் செய்யவில்லை. நானும் அப்பா வீட்டு முகவரியைத்தான் சொன்னேன். எனக்குப் பின்னால் போனவர்களில் மூன்று பேர், முன்பெல்லாம் ஜொகூரிலிருந்துதான் வந்துபோனோம் என்று அவர்களாகவே சொன்னார்கள். ஸ்வீ லிங் சொன்னாளா என்று தெரியவில்லை. அவள் அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

பன்னீர் மின்தூக்கி வாசலில் காத்திருந்தார்.

"நல்லா மாட்டி விட்டுட்ட. சந்தோஷமா?"

"உங்கள மாட்டி விடணும்னு நான் வரல அண்ணே."

"உங்களுக்கெல்லாம் வேலை வாங்கிக் குடுத்தது யாரு? நான்தானே?"

"நீங்கதான். அத எங்க வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா பொய்ய மட்டும் இனிமே சொல்லமாட்டேன்."

மறுநாள் அக்காவின் பெயர் மடிக்கும் மேசைப் பட்டியலில் இல்லை. குளிர் அறைக்கு மாற்றியிருந்தார்கள். உறைந்த பெட்டிகளை அடுக்கும் வேலை. ஆண்களே சில மாதங்களில் கேட்டு மாற்றிக்கொண்டு போகிற இடம் அது. தானாகப் போய்விடுவார் என்று பன்னீர் நினைத்திருக்கலாம். அக்கா மாலையில் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் இரண்டு கம்பளிச் சட்டை வாங்கினார். "குளிர்தானே. இங்க வெயில்ல வெந்ததுக்கு ஒரு மாத்தம்" என்றார்.

ஒரு மாதம் கழித்து மிஸ் ஜோசலின் அவரைக் கூப்பிட்டுத் திருத்திய பதிவைத் திரையில் காட்டினார். மாசாய், தாமான், தெரு, வீட்டு எண். அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வோர் எண்ணாகப் படித்தார். சரியாக இருந்தது. நன்றி சொல்லிவிட்டுக் குளிர் அறைக்கு இறங்கிப் போனார்.

அன்று பாலத்தில் நல்ல நெரிசல். வீட்டு வாசலில் மோட்டாரை நிறுத்தியபோது அக்காவின் விரல்கள் பிடியைவிட்டு உடனே நிமிரவில்லை. தருண் ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டு, "ஐயோ, அம்மா கை ஐஸ்கட்டி!" என்று தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். கவிநிலா கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். பின்னத்தில் அவளுக்கு ஏதோ புரியவில்லை.

"எங்க, காட்டு," என்று சொல்லிக்கொண்டே அக்கா தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, உடைகூட மாற்றாமல் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.